கம்ப்ரசர் ஓடும் நேரம்

எங்கள் அலுவலகத்தில் டீ வந்ததும் சண்டை தொடங்கிவிடும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், அரிசி மண்டிக்கு மேலே இருந்த மாடிதான் அலுவலகம். வீட்டுக்குள்ளேயே வதைபடும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் சின்னத் தொண்டு நிறுவனம்; மொத்தமே மூன்று பேர். தலைவர், கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் 'சார்'. அடுத்தது நான். சமூகப்பணி படித்துவிட்டு, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட ஒரு வேலை வேண்டுமென்று வந்து சேர்ந்தவள். மூன்றாவது ஆள் பெரியகடை வீதிக்குப் பின்னால் ஒரு பழைய தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குக் குடையும் சூட்கேஸும் விற்கிற கடை இருந்தது. அவரை நாங்கள் 'பாய்' என்போம். என்னை அவர் 'மேடம்' என்பார். அதில் பாதி மரியாதை, மீதி நக்கல்.

பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடங்கள், போலீஸ் ஸ்டேஷன், இந்த மூன்று இடங்களிலிருந்துதான் எங்களுக்குச் செய்தி வரும். சூடு வைக்கப்பட்ட குழந்தை, மண்டை உடைந்த குழந்தை என்று தெரிந்தால் அந்த வீட்டுக்குப் போவோம். கெஞ்சுவோம், மிரட்டுவோம், சில நேரம் குழந்தையை வேறு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வருவோம். வருஷ முடிவில் அதையெல்லாம் தொகுத்து, நகரத்துப் பெரிய மனிதர்களைக் கூட்டி ஒரு கருத்தரங்கு நடத்த சார் ஆசைப்பட்டார். தலைப்பையும் அவரே வைத்தார்: சில சமூகங்களில் ஏன் அதிகம், சில சமூகங்களில் ஏன் குறைவு. அந்தத் தலைப்பு வந்த நாளிலிருந்துதான் டீ நேரத்துச் சண்டையும் வந்தது.

"காரணம் தெளிவா இருக்குதுங்க அம்மணி," என்று சார் ஆரம்பிப்பார். "மில் தொழிலாளிங்க லைன் ஊடுகள்ல குடி. தறி ஓடற எடத்துல புருசனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி ஷிஃப்ட்டு, புள்ளையப் பாக்க ஆளில்ல. அந்தப் பக்கத்துத் தெருவுகள்ல ஒரே ஊட்டுக்குள்ள பத்துப் பேரு." இதைச் சொல்லும்போது பாயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். "நம்ம ஆளுங்ககிட்ட அதெல்லாம் இல்லீங்களே. பெத்த புள்ளையவே வாங்க போங்கன்னு கூப்படற சனம்."

'நம்ம ஆளுங்க' என்றால் தோட்டம் துரவு வைத்திருக்கிற எங்கள் சாதிக்காரர்கள். சாரும் நானும் அதில்தான் பிறந்தோம். எங்கள் பக்கம் யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை; 'நம்ம ஆளுங்க' என்று சொன்னால் போதும், சொந்தம், நிலம், கௌரவம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்த அறையில் அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்பது சாருக்கு உறைத்ததே இல்லை.

பாய் லேசில் விடமாட்டார். "சார், உங்க ஆளுங்க அடிக்க மாட்டாங்கங்கறீங்களா, அடிச்சா நமக்குத் தெரியாதுங்கறீங்களா?"

"தெரியாம எப்படிங்க பாய் இருக்கும்?"

"எங்க தெருவுல ஒரு ஊட்டுல தட்டு கீழ உழுந்தா, பக்கத்து ஊட்டுல இருந்து என்னாச்சுன்னு கேப்பாங்க. ரெண்டு ஊட்டுக்கும் செவுரு ஒண்ணுதானுங்க. உங்க தோட்டத்துல ஊடு எங்கீங்க இருக்குது? பஸ்ஸை விட்டு எறங்கி அரை மைல் நடக்கோணும். நாய் கொலைக்கும். உள்ள இருந்து ஆளு வந்து கேட்டைத் தொறந்தாத்தான் காலு வெக்க முடியும்."

எனக்கு இருவர் மேலும் கோபம் வரும். சாருடைய பேச்சு வெறும் பெருமை என்றால், பாயின் பேச்சிலும் ஒரு சௌகரியம் இருந்தது. அவர் தெருவிலேயே ஒரு பெண்குழந்தைக்குச் சித்தப்பா கரண்டியால் சூடு வைத்திருந்தான். அண்டை வீட்டுப் பெண்கள் உள்ளே புகுந்து, அவன் கையிலிருந்து பிடுங்கி, குழந்தையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். அந்தச் செய்தியை எங்களுக்குச் சொன்னது வார்டு நர்ஸ். பாய் மூச்சுக் காட்டவில்லை. நான் கேட்டேன். "அவன் ஒரு கிறுக்கன் மேடம். அவனை வெச்சுத் தெருவையே பேசாதீங்க," என்றார். "அப்ப மில் லைன்ல அடிக்கறவன் மட்டும் லைனுக்கே அடையாளமா?" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

குடியும் வறுமையும் பொய்யில்லை. மகளின் மண்டையை உடைத்துவிட்டு, போதை தெளிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுத தகப்பனை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் மாடியில் நடந்தது காரணத்தைத் தேடுகிற வேலை இல்லை. அவரவர் வீட்டைச் சுற்றி அவரவர் வேலி போட்டுக்கொண்டிருந்தோம். இந்த லட்சணத்தில் கருத்தரங்கு வேறு.

அந்த நேரத்தில்தான் மாரியம்மன் நோம்பி வந்தது. திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்போம். நோம்பி என்றால் உறவு வீடுகளுக்குச் சாப்பிடப் போயே ஆகவேண்டும். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பல்லடத்திலிருந்து உடுமலை போகிற சாலையில் தோட்டத்தில் இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரி. அந்த ஒற்றை வண்டித்தடத்தில் கால் வலிக்க நடந்தால் தென்னந்தோப்பு, அதற்கப்புறம் நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள், அதற்கும் உள்ளே வீடு. நடக்க நடக்க பாயின் குரல் காதில் வந்தது. எரிச்சலாக இருந்தது. ஒரு விருந்துச் சாப்பாட்டுக்குக்கூட நிம்மதியாகப் போகவிடமாட்டேன் என்கிறாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

"வாங்க அம்மணி, வாங்க. என்னங்க, இப்படி எளச்சுப் போட்டீங்க? கோயமுத்தூர்ல சோறே போட மாட்டேங்கறாங்களா?" அண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். சின்ன வயதில் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், ஊரில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. சார் பாடம் நடத்திய மாணவர். கோபிசெட்டிபாளையத்தில் பெண் பார்த்து, முன்னால் நின்று கல்யாணத்தை முடித்துவைத்ததும் சார்தான். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் மூன்றாம் வகுப்பு. சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளை அப்போது தோளில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தைக்குத் தண்ணி கொண்டாங்க கண்ணு," என்று மூத்தவளிடம் சொன்னார்.

அவள் இடது கையால் டம்ளரை நீட்டினாள். இடது கையால் எதையும் கொடுத்தால் எங்கள் வீடுகளில் உடனே அதட்டல் விழும். யாரும் அதட்டவில்லை. வலது கை மூங்கில் பட்டை வைத்துக் கட்டப்பட்டு, கழுத்திலிருந்து தொங்கியது.

"தொட்டிப்படியில வழுக்கி உழுந்துட்டாங்க. வெளையாட்டுப் புத்தி," என்று அண்ணன் சிரித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களா?"

"எதுக்குங்க? எலும்புக்குக் கட்டுப் போடறவர் பக்கத்து ஊர்லயே இருக்கறாரு. இங்கிலீசு வைத்தியத்தை விடச் சீக்கிரம் கூடிரும்."

அவள் திரும்பி நடந்தபோது பாவாடைக்குக் கீழே கெண்டைக்காலைப் பார்த்தேன். மெல்லிய இரட்டைக் கோடுகள். சில கறுத்துப் பழசாகியிருந்தன, சில இன்னும் சிவந்திருந்தன. வார்டில் இதே கோடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பெல்ட், சைக்கிள் டியூப். இங்கே வாசலோரம் சொட்டுநீர்ப் பாசனத்துக்கான கறுப்புக் குழாய் சுருட்டிக் கிடந்தது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. அண்ணனாவது, அடிக்கிறதாவது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை இலையில் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த சின்ன சிவப்பு பல்பு எரிந்தது. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கரண்ட் வருகிற நேரத்தில்தான் மோட்டார் போட முடியும் என்பதால், எங்கள் ஊர்களில் அந்த பல்பைப் பார்த்ததும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவது வழக்கம். அண்ணனும் கையை உதறிக்கொண்டு எழுந்தார். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. ஆழ்துளைக் கிணற்றில் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகிற இயந்திரம் அது. அது ஓடினால் ஜன்னல் கம்பி அதிரும், பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும்.

மூத்தவள் இலையை விட்டு எழுந்துபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சின்னவள் எழவில்லை. வாயிலிருந்த சோற்றை மெல்லாமல், விழுங்காமல், அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவளுக்குக் கம்ப்ரசர்னா பயமுங்க. அந்தச் சத்தம் ஆகாது," என்று நங்கை என் காதுக்கருகே வந்து சொன்னாள். "சின்னது சாப்பாட்டுல மந்தம்."

சாப்பிட்ட பிறகு மூத்தவளை அழைத்துக்கொண்டு தோப்பின் கடைசிக்கு, கம்ப்ரசர் சத்தம் தேய்ந்துபோகிற இடத்துக்குப் போனேன். தொட்டியைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். கணுக்கால் உயரத்துக்குப் படி. பாசியும் இல்லை, ஈரமும் இல்லை.

"இதுல எப்படிங்க கண்ணு உழுந்தீங்க?"

அவள் படியையே பார்த்தாள். "என்ற வேலை என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. அடி வாங்கற புள்ளைங்களப் பாக்கப் போவீங்க. டவுனுக்குள்ள."

"தோட்டத்துக்கும் வருவேனுங்க கண்ணு."

கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "கோழிக்குஞ்சு செத்துப்போச்சுங்க அத்தை. கொட்டாயில படுதாவ எறக்கிவுட மறந்துபோட்டேன். மழை உள்ள அடிச்சிருச்சுங்க."

"அதுக்கு?"

"அப்பா கம்ப்ரசரைப் போட்டுட்டு வந்தாங்க."

எனக்குப் புரியவில்லை. "தண்ணி பாய்ச்சறதுக்குங்களா?"

"இல்லீங்க. அப்ப மழை பேஞ்சுட்டுத்தான இருந்துச்சு." இவ்வளவு படித்த அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல என்னைப் பார்த்தாள். "கம்ப்ரசர் ஓடுனா கொட்டாயில வேலை செய்யறவீங்களுக்குக் கேக்காதுங்க."

நான் அங்கேயே தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடி இல்லை, பசி இல்லை, படிப்பில்லாதவரும் இல்லை. ஆத்திரத்தில் கை நீட்டுகிறவன் நேரே வந்து அடிப்பான். இவர் மழையில் நடந்து மோட்டார் அறைக்குப் போய், சுவிட்சைப் போட்டுவிட்டு, திரும்பி நடந்து வந்திருக்கிறார். அந்த நடையில் ஒரு நிமிஷம்கூட மனசு மாறவில்லை. என் அண்ணன். எனக்கு அருவருப்பாக இருந்தது, அழுகையும் வந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு நேராக அவரிடமே போனேன். கோபத்தை அடக்கத் தெரியவில்லை. "புள்ளையோட கைய முறிச்சது நீங்கதானுங்களா?" என்று கத்தினேன். கம்ப்ரசர் சத்தத்தில் கத்தாமல் கேட்கவும் முடியாது. அவர் போய் அதை நிறுத்தினார். துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார்.

"என்ற புள்ளைய நான் கண்டிக்கறேனுங்க அம்மணி. உங்க டவுன் கேசையெல்லாம் தோட்டத்துக்குள்ள கொண்டாராதீங்க." குரல் உயரவே இல்லை. பிறகு நங்கையிடம் தேங்காயும் முறுக்கும் பையில் போடச் சொல்லி, என்னை வண்டியில் ஏற்றி பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டார். "பாத்துப் போங்க. போயிச் சேர்ந்துட்டுப் பக்கத்துக் கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க," என்றார். அந்த மரியாதையைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பை கொடுக்கும்போது நங்கை என் காதில் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள்: "கோபியில எங்கண்ணன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. சீர் செஞ்சு அனுப்பிச்ச ஊட்டுல அவிய வந்து தலை குனியக்கூடாதுங்க."

மறுநாள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸுக்கு ஏற்கெனவே போய்வந்திருந்தேன். கையொடிந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஆனால் சார் போய்ச் சொன்னால் அண்ணன் கேட்பார். பாடம் சொன்னவர், பெண் பார்த்துக் கட்டிவைத்தவர். பிள்ளையைக் கொஞ்ச நாள் மாமன் வீட்டில் விடு என்று சார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அவருக்கு அண்ணன் மறுப்புச் சொல்லவே முடியாது. "வாங்க சார், இன்னைக்கே போலாம்," என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குஞ்சு செத்த வேதனையில கை நீண்டிருக்குமுங்க. பாவம், எவ்வளவு நஷ்டமோ. ஒரு தடவ நடந்ததைப் பெருசு பண்ணக்கூடாது."

"ஒரு தடவ இல்லீங்க சார். காலுல பழைய தழும்பு இருக்குது."

"குடும்பத்துக்குள்ள நாம போயி நிக்கறது நல்லாவா இருக்கும்?"

"மில் லைன்ல குடும்பத்துக்குள்ளதானுங்க போயி நிக்கறோம்?"

"அது வேற, அம்மணி."

அந்த 'வேற' என்ற சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. மில் லைனில் ஒருவன் அடித்தால் அதற்குக் காரணம் அவன் குணம், அவன் சனம், அவன் வளர்ந்த விதம். நம்ம ஆள் அடித்தால் காரணம் அன்றைக்குப் பெய்த மழை. வருஷம் முழுக்க டீ குடித்துக்கொண்டு நாங்கள் ஆராய்ந்த லட்சணம் இவ்வளவுதான். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பாய் வாதத்தில் ஜெயித்துவிட்டார். எப்படி, நான் சொன்னேனில்லையா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அறைந்திருப்பேன். அவர் கேட்டது வேறு. "புள்ள இப்ப எங்க மேடம்?"

"அங்கயேதான்."

"நான் கூட வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவரே தலையசைத்துக்கொண்டார். "வேண்டாம். நான் அந்த கேட்டுக்குள்ள வந்தா விஷயமே வேற ஆயிரும். புள்ளையை விட்டுட்டு என்னைப் பத்திப் பேசுவாங்க." அன்று டீ ஆறிப்போயிற்று. அதன் பிறகு தன் தெருவில் நடந்த எதையும் அவர் எங்களிடம் மறைக்கவில்லை.

கருத்தரங்கு ஒரு கல்லூரி அரங்கத்தில் நடந்தது. மில் முதலாளிகள், வக்கீல்கள், டாக்டர்கள், பட்டுப்புடவைகள். சார் நன்றாகப் பேசக்கூடியவர். எந்தெந்தச் சமூகத்தில் எத்தனை சம்பவங்கள் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். கடைசியில், "உழவுத் தொழில் செய்யும் குடும்பங்களில் இக்கொடுமை இல்லையென்றே சொல்லலாம். அன்பும் மரியாதையும் கலந்த அவர்களின் வளர்ப்பு முறை மற்றவர்களுக்கு வழிகாட்டி," என்று படித்தார். கைத்தட்டல் எழுந்தது. நான் எழுந்து நின்றேன்.

மைக் தரவில்லை. தேவைப்படவும் இல்லை, எனக்குத் தொண்டை பெரிசு. தோட்டத்து வீட்டைச் சொன்னேன், ஒடிந்த கையைச் சொன்னேன், மழை நாளில் ஓடிய கம்ப்ரசரைச் சொன்னேன். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, போலீஸுக்கு வரவில்லை, அதனால் உங்கள் கணக்கில் வரவில்லை என்றேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "பொதுவாப் பேசுங்க அம்மணி. தனிப்பட்ட விஷயமெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

"எல்லாரும் பொதுவாவே பேசிட்டிருக்கறதுனாலதானுங்க அந்தப் புள்ள இன்னும் அங்கயே இருக்குது."

"யாரு ஊட்டுலீங்க அது?" என்று இன்னொருவர் கேட்டார்.

"எங்கண்ணன் ஊட்டுல."

உடனே யாரோ நன்றியுரை சொல்ல எழுந்துவிட்டார்கள். வெளியே காபி வாங்கும் இடத்தில் ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து, "எங்க தோட்டத்துலயும்..." என்று ஆரம்பித்தவள், கணவர் வருவதைப் பார்த்ததும் காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவள் யாரென்று இன்றுவரை தெரியாது. சார் பேசியது பின்னால் சிறு புத்தகமாக அச்சாகி வந்தது. அந்த வரியை அவர் எடுக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் எப்படி மாற்றுவது என்று கேட்டார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா மட்டும் விடாமல் பேசினாள்: "ஊட்டுக்குள்ள இருக்கறதைக் கொண்டுபோயி ஊருக்குள்ள கொட்டிப்போட்டு வந்திருக்கறயே, உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? இனி எந்த ஒறம்பரை மூஞ்சியில முழிப்போம்?" உறவுக்காரர் முகமே அவளுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபிக்கும் செய்தி போனது. பிள்ளையின் தாய்மாமன் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கு வந்தார். எங்கள் பக்கம் பெண் குழந்தை மேல் தாய்மாமனுக்குப் பெரிய உரிமை உண்டு. அவர் வந்து கேட்டால் இல்லை என்பது கஷ்டம். ஆனால் அவரும் கையைப் பற்றியோ அடியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லையாம். "கோபியில நல்ல ஸ்கூல் வந்திருக்குதுங்க மாப்ள, பெரியவ எங்க ஊட்டுல இருந்து படிக்கட்டும்," என்றாராம். அண்ணனும், "சந்தோசமுங்க," என்றாராம். இரண்டு பேருக்கும் கௌரவம் குறையாமல் வேலை முடிந்தது. எனக்கு மட்டும் அண்ணனிடமிருந்து ஒரு தகவல் வந்தது: இனிமேல் சிரமப்பட்டுத் தோட்டத்துக்கு வர வேண்டாமுங்க.

"சின்னவ?" என்று மாமனிடம் போனில் கேட்டேன்.

"அவளை மாப்ள தோளை வுட்டே எறக்கறதில்லீங்க. அவளுக்கென்னங்க?" என்றார். அந்தக் குழந்தையைத் தோளில் வைத்திருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, மழைக்காலம் தொடங்கியிருந்தபோது, கோபிக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள் உள்ள தெரு. அடுத்த வீட்டு ரேடியோ இந்த வீட்டில் பாடியது. மூத்தவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கை கூடியிருந்தது, முழங்கைக்குக் கீழே லேசான வளைவு மட்டும் நின்றுவிட்டது. வலது கையால் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்த ஊடு புடிச்சிருக்குதுங்களா கண்ணு?"

"பக்கத்து ஊட்டு அக்கா இருமுனாக்கூட இங்க கேக்குதுங்க அத்தை," என்றாள். அது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நான் பாயை நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மாமன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது.

பேசிக்கொண்டே இருந்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தாள்.

"என்ன கண்ணு, எங்காச்சும் போகோணுமா?"

"இல்லீங்க. இப்ப அங்க த்ரீ ஃபேஸ் வந்திருக்குமுங்க."

"வரட்டும். நீங்கதான் இங்க வந்துட்டீங்களே."

"பாப்பா அங்கதானுங்க இருக்கறா." பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அவ சத்தமே போட மாட்டாளுங்க அத்தை. அவளை அடிக்கறப்பவும் நான்தான் சத்தம் போடுவேன். அதைக் கேட்டுத்தான் அம்மா ஓடியாருவாங்க."

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. மாமன் எங்களைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். பட்டனைத் தப்பாகப் போட்டிருந்தார்; அதைச் சரிசெய்யாமலே வாசலுக்குப் போனார். "ஏறுங்க," என்று என்னிடம் சொன்னார். வரக்கூடாதென்று அண்ணன் சொல்லியிருப்பது அவருக்கும் தெரியும். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் அவர் ஒரு தடவைதான் பேசினார். "அன்னைக்கே ரெண்டு பேரையும் கேட்டிருக்கோணுமுங்க. சின்னவளுக்கு ஸ்கூல் வயசு இல்லையே, என்னன்னு சொல்லிக் கேக்கறதுன்னு வுட்டுப்போட்டேன்."

முந்தின நாள் அந்தப் பக்கமெல்லாம் நல்ல மழை. இட்டேரியில் சேறு, வண்டி இரண்டு தடவை வழுக்கியது. தென்னந்தோப்பில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. கேட்டுக்கு முன்னால் மாமன் வண்டியை நிறுத்தினார். நாய் குலைப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.